முதல்ல என் தப்பு

தண்ணீர் லாரி கேம்ப் வாசலில் வந்து நிற்கும். இன்ஜினை அணைக்கும் முன்பே டிரைவர் தலை ஜன்னலுக்கு வெளியே வந்துவிடும்.

"ஆறு நிமிஷம் லேட். முதல்ல என் தப்பு. டயர்ல காத்து இருக்கான்னு நேத்தே பார்த்திருக்கணும், பார்க்கலை. அப்புறம் ரோட்டுல ஒட்டகம். அது ஒட்டகத்தோட தப்பு."

ஏன் லேட் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆறு நிமிடம் தாமதம் என்பதே அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் தினமும் ஏதாவது ஒரு தப்பைச் சொல்லிவிட்டுத்தான் லாரியை விட்டு இறங்குவார். ஹோஸ் பைப்பைச் சரியாகச் சுருட்டவில்லை. வாட்ச்மேனுக்கு சலாம் சொல்ல மறந்துவிட்டார். மெஸ் சமையல்காரரிடம் நேற்றுக் குரலை உயர்த்திப் பேசிவிட்டார். சொல்லி முடித்ததும் முகம் தெளிந்துவிடும். பைப்பை மாட்டப் போய்விடுவார்.

அரபு நாட்டில் கடலோர ஊரான யான்புவில் எண்ணெய் ரிஃபைனரிகளுக்கு ஆள் அனுப்புகிற காண்ட்ராக்ட் கம்பெனி எங்களுடையது. 2004இல் நான் அங்கே கேம்ப் கிளார்க். பி.காம் முடித்து, கும்பகோணத்தில் ஒரு உரக்கடையில் நாலு வருடம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவன். கேம்பில் இருநூற்றுச் சொச்சம் பேர். அறந்தாங்கி, ஜெயங்கொண்டம், பரமக்குடிப் பக்கத்து ஆட்களே அதிகம். அவர்கள் அவரை 'ஏடன் பாய்' என்றார்கள். ஏடன் அவர் ஊர், ஏமன் நாட்டின் தெற்குக் கரையில் இருக்கிற துறைமுகம். அவருடைய நிஜப் பெயரை நான் நூறு தடவையாவது டைப் அடித்திருக்கிறேன். இங்கே அதை எழுதப் போவதில்லை. எழுதக் கூடாத ஒரு காகிதத்தில் ஒருமுறை எழுதிவிட்டேன். அது போதும்.

வயது ஐம்பத்தைந்து இருக்கும். ஒல்லியான ஆள். காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்துப் பட்டன் வரை மாட்டிக்கொள்வார். டூட்டி முடிந்ததும் நம்மைப் போலவே கைலிக்கு மாறிவிடுவார். அவர் ஊரில் அதுதான் வழக்கமாம். 'அரபிக்காரர் கைலி கட்டுறாரு பாருடா' என்று எங்கள் ஆட்களுக்கு அதிலேயே அவரைப் பிடித்துப்போனது. இந்தி எங்களைவிட நன்றாகப் பேசுவார். சின்ன வயதில் ஏடன் பஜார் முழுக்க பம்பாய் வியாபாரிகளாம், இந்திப் படம் ஓடாத கொட்டகை கிடையாதாம். என்னோடு பேசியதெல்லாம் இந்தியில்தான், நடுநடுவே அரபியோடு. நான் தமிழில் எழுதுகிறேன். என்னை 'காத்திப்' என்று கூப்பிடுவார். அரபியில் எழுதுகிறவன் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை லீவு நாளில் சில சமயம் அவரே சமைப்பார். ஆட்டுக்கறியும் அரிசியும் உருளைக்கிழங்கும் சேர்த்து அவர் ஊர்ப் பிரியாணி. ஒரு வெள்ளிக்கிழமை முப்பது நாற்பது பேர் தட்டோடு உட்கார்ந்திருக்கிறோம். அவர் அண்டா பக்கத்தில் கரண்டியோடு நின்று, ஏதோ மேடையில் பேசுவதுபோலச் சொன்னார்.

"உப்பு கூடிப்போச்சு. முதல்ல என் தப்பு. ரேடியோ கேட்டுக்கிட்டே ரெண்டு தடவை போட்டுட்டேன். இப்ப சாப்பிடுங்க."

ஜெயங்கொண்டத்து செல்வராசு வாயில் போட்டுப் பார்த்தான். இருபத்து மூன்று வயது, பைப் ஃபிட்டர் ஹெல்ப்பர். "உப்பே இல்லையே பாய்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் ருசி பார்த்தார். "அப்ப முதல் தடவை போட்டதா நினைச்சதும் தப்பு" என்றார், சிரிக்காமல்.

அன்றிலிருந்து கேம்பில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. பாத்ரூமில் அதிக நேரம் இருந்தவன் வெளியே வந்து, "முதல்ல என் தப்பு" என்பான். சீட்டாட்டத்தில் தோற்றவன் சொல்லுவான். நானும் சொல்லியிருக்கிறேன், விளையாட்டுக்கு.

தண்ணீர் நிரப்புகிற பிளான்டில் கேட் பாஸ் புதுப்பிக்க மாதம் ஒருமுறை நான் அவர் லாரியில் போக வேண்டியிருக்கும். கடலை ஒட்டிய ரோடு. அப்படி ஒரு காலையில் கேட்டேன், இந்தப் பழக்கம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று.

"கட்சியிலேர்ந்து" என்றார். "வியாழக்கிழமை வியாழக்கிழமை கூட்டம். வட்டமா உட்காருவோம். ஒவ்வொருத்தரும் எழுந்து அந்த வாரம் தான் செஞ்ச தப்பைச் சொல்லணும். அடுத்தவன் தப்பைச் சொல்லக் கூடாது. அதை அவனே சொல்லணும். அவன் சொல்றதுக்கு இடம் விட்டுட்டு நாம சும்மா இருக்கணும். எங்க வட்டத்துல அதுதான் ரூல்."

"என்ன கட்சி பாய்?"

லாரியில் நாங்கள் இரண்டே பேர். இருந்தும் கண்ணாடியில் பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "ஷுயூயி" என்றார். அது புரியவில்லை என்று தெரிந்து, "கம்யூனிஸ்ட்" என்றார்.

அரபு தேசத்தில் ஒரு கம்யூனிஸ்ட் ஆட்சி இருந்தது என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. தெற்கு ஏமன் என்று தனி நாடாகவே இருந்ததாம், இருபத்து மூன்று வருடம். வெள்ளைக்காரன் ஏடனை விட்டுக் கப்பலேறியபோது அவருக்குப் பதினெட்டு வயது. பாறை மேலே ஏறி நின்று, கடைசிக் கப்பல் புள்ளியாகிற வரை பார்த்தாராம்.

"அதுக்கப்புறம் நாங்க தூங்கவே இல்லை காத்திப்" என்றார். "மலை ஊருக்கெல்லாம் நடந்தே போய் எழுத்து சொல்லிக் கொடுத்தோம். ஷேக்கோட மாளிகை ஆஸ்பத்திரி ஆச்சு. கோர்ட்டுல பொம்பளை ஜட்ஜ் உட்கார்ந்தாங்க. எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அப்பத்தான் கத்துக்கிட்டாங்க. முதல்ல என்ன எழுதினாங்க தெரியுமா? மளிகைக் கடைக்காரன் பேரை எழுதி, பக்கத்துல திருடன்னு எழுதினாங்க. சுவத்துல. சாயந்திரம் அவன் வந்து சண்டை."

அந்த இடத்தில் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். அவர் ஏடன் ரிஃபைனரியில் ஆபரேட்டராக இருந்தவர். கட்சி கார்டு கொடுத்த அன்று அதை உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூங்கினாராம். பிறகு ரிஃபைனரி காலனியில் அவர் இருந்த கட்சி வட்டத்துக்குச் செயலாளராகவும் ஆனார்.

"வியாழக்கிழமைக் கூட்டத்துல என்ன தப்பெல்லாம் சொல்லுவீங்க?"

"லேட்டா வந்தேன். பொண்டாட்டிகிட்ட கத்தினேன். டூட்டியில சிகரெட் பிடிச்சேன். எல்லாம் சொல்லி முடிச்சா பால் டீ வரும். அப்புறம் ஒரு வாரம் ஒரு நாற்காலி காலியா இருக்கும். உட்கார்ந்திருந்தவன் எங்கேன்னு யாரும் கேட்க மாட்டோம். டீ வரும். நானும் குடிச்சேன்."

அதற்குள் பிளான்ட் வந்துவிட்டது.

மிச்சத்தை இரண்டு மாதம் கழித்துச் சொன்னார். தண்ணீர் நிரம்புகிற வரை லாரியை விட்டு இறங்கி, கடலைப் பார்த்து நின்றிருந்தோம். இதே கடலில் தெற்கே போய் இடது பக்கம் திரும்பினால் எங்கள் ஊர் என்றார். பிறகு, நான் கேட்காமலே, ஜனவரியைப் பற்றிச் சொன்னார்.

எண்பத்தாறு ஜனவரியில் கட்சித் தலைவர்கள் ஒரே மேஜையில் கூட்டத்துக்கு உட்கார வேண்டிய காலையில், ஒரு பக்கத்து ஆட்கள் இன்னொரு பக்கத்துத் தலைவர்களைச் சுட்டார்கள். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க பீரங்கி. ஒரே கொடி, ஒரே பாட்டு, இரண்டு படை. யார் எந்தப் பக்கம் என்பதை எந்த மாவட்டத்தில் பிறந்தவன் என்பதை வைத்துத்தான் முடிவு செய்தார்கள்.

"எங்க வட்டத்து உறுப்பினர் ரிஜிஸ்டர் என்கிட்ட இருந்தது. பேரு, அப்பா பேரு, பிறந்த ஊரு. மூணாம் நாள் கையில பட்டை கட்டின பசங்க வந்தாங்க. அதுல ஒருத்தன் நான் எழுத்து சொல்லிக் கொடுத்தவன். ரிஜிஸ்டரைக் கொடுங்க தோழர்னான். கொடுத்தேன். எதுக்குன்னு கேட்கலை. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும், அதனால கேட்கலை. பிறந்த ஊருங்கிற அந்தக் கட்டம் மட்டும்தான் அவங்களுக்கு வேணும்."

"எத்தனை பேர் பாய்?"

"ஒன்பது."

லாரி டேங்க் நிரம்பி வழிய ஆரம்பித்தது. அவர் ஓடிப்போய் வால்வை மூடினார். திரும்பி வந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னதை நான் மறக்கவில்லை.

"அதுக்கப்புறமும் கட்சி நாலு வருஷம் ஆட்சியில இருந்தது. வியாழக்கிழமைக் கூட்டம் நடந்தது. நானும் போனேன். எழுந்து நின்னு, லேட்டா வந்தது என் தப்புன்னு சொன்னேன்."

பிறகு வடக்கும் தெற்கும் ஒன்றானது. அதற்கும் நாலு வருடம் கழித்து இரண்டுக்கும் சண்டை வந்து வடக்கத்திப் படை ஏடனுக்குள் நுழைந்தது. கட்சி ஆபீஸின் கதவு, ஜன்னல், மின்விசிறி வரை கழற்றிக்கொண்டு போனார்களாம். அவர் எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று பார்த்திருக்கிறார். ஊர்க்காரர்கள் யாரும் தடுக்கவில்லை. "எங்களை வடக்கத்தியான் தோற்கடிச்சான்னு சொல்லுவாங்க. இல்லை. ஜனவரியிலயே நாங்க செத்துட்டோம். அவன் வந்து பொணத்தைத் தூக்கினான்" என்றார். அதோடு ரிஃபைனரி வேலையும் போனது. மனைவியையும் மகளையும் ஏடனில் விட்டுவிட்டு யான்புவுக்கு லாரி ஓட்ட வந்தவர்.

"இதை இங்க யார்கிட்டயும் சொன்னதில்லை காத்திப். இந்த ஊர்ல இதைச் சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்."

தெரியும் என்றேன். தெரியும்தான்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கேம்ப் மொட்டை மாடியில் நாலு தண்ணீர்த் தொட்டிகள். லாரியிலிருந்து பைப் வழியாக மேலே ஏறும். மாதாமாதம் தொட்டிகளைக் கழுவிவிட்டு, கழுவியாயிற்று என்று ஒரு ஃபாரத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். கழுவுகிற ஆட்களை வெளியிலிருந்து கூப்பிட வேண்டும். அட்மின் மேனேஜர் சென்னைக்காரர், நல்ல இங்கிலீஷ், குடும்பத்தோடு வில்லாவில் இருந்தவர். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று வாயால் சொன்னார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். ஃபாரம் மட்டும் மாதாமாதம் வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம்.

அந்த மூன்று மாதத்துக்குள் ஏடன் பாய் என்னிடம் இரண்டு தடவை வந்தார். "காத்திப், மூணாம் நம்பர் தொட்டி மூடி உடைஞ்சிருக்கு போல. கீழேர்ந்து பார்த்தா ஓரத்துல தூக்கிட்டு நிக்குது. புறாவெல்லாம் உட்காருது." இரண்டு தடவையும் என் டைரியில் குறித்துக்கொண்டேன். ஒருநாள் ஏறிப் பார்க்கலாம் என்று ஏணி வரை போனேன். ஜூலை மாதம். இரும்பு ஏணி கையைச் சுட்டது. திரும்பி வந்துவிட்டேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஆகஸ்டில் ஒரே வாரத்தில் அறுபது பேருக்கு வாந்தியும் பேதியும். மூன்று பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செல்வராசு அதில் ஒருவன். உடம்பில் தண்ணீரே இல்லாமல் போய், கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடந்தான். யாரோ மாடியில் ஏறிப் பார்த்தார்கள். மூன்றாம் தொட்டியில் புறாக்கள் செத்து மிதந்தன. எப்போதிலிருந்தோ.

மறுநாள் காலை ஒருத்தரும் பஸ்ஸில் ஏறவில்லை. முற்றத்தில் கூடி நின்று கத்தினார்கள். சிலர் கையில் கல் இருந்தது. அந்த நாட்டில் அப்படி ஒரு கல் ஆபீஸ் கண்ணாடியில் பட்டால் அத்தனை பேரையும் போலீஸ் லாரியில் ஏற்றிவிடுவார்கள். அப்போதுதான் ஏடன் பாய் தண்ணீர் லாரியோடு வந்தார். இறங்கி நேராகக் கூட்டத்துக்குள் போனார்.

"உட்காருங்க. எல்லாரும் தரையில உட்காருங்க. உட்கார்ந்தவன் கல்லெறிய முடியாது. மூணு பேர் மட்டும் உள்ளே போய்ப் பேசுங்க. போனதும் முதல்ல உங்க தப்பைச் சொல்லுங்க."

"எங்க தப்பு என்ன பாய் இருக்கு?" என்றார் அறந்தாங்கி முருகேசன் என்கிற வயதான வெல்டர்.

"தண்ணி ஒரு வாரமா நாறுச்சு. வாயை மூடிக்கிட்டுக் குடிச்சீங்கள்ல, அது. அதைச் சொல்லிட்டுக் கேளுங்க. அப்புறம் எவனும் உங்களைக் குத்தம் சொல்ல முடியாது."

இருநூறு பேரும் உட்கார்ந்தார்கள். முருகேசனும் இன்னும் இரண்டு பேரும் மேனேஜர் அறைக்குள் வரிசையாகப் போய், தண்ணீர் நாறியும் சொல்லாமல் இருந்தது எங்கள் தப்புங்க சார் என்று ஆரம்பித்து, தொட்டி கழுவ வேண்டும், புது மூடி போட வேண்டும், ஆஸ்பத்திரியில் இருப்பவர்களைப் பார்க்க விட வேண்டும் என்று மூன்றே மூன்று கேட்டார்கள். அன்று சாயந்திரமே தொட்டி கழுவ ஆள் வந்தது. எங்கள் ஆட்கள் மறுநாள் வேலைக்குப் போவதாக ஒத்துக்கொண்டார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டியது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் மூன்று ஃபாரங்கள்.

"இது உன் சைன்தானே?"

"சார், நீங்கதான் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு…"

"நான் சொன்னதுக்குப் பேப்பர் இருக்கா?"

ஃபாரத்தில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன்.

"ஹெட் ஆபீஸ்ல ஒரு பேர் கேக்கறாங்க. ஸ்ட்ரைக் பண்ண வெச்சது யாருன்னும் கேக்கறாங்க. மூணு பேர் வந்து வரிசையா நின்னு பேசறானுங்கப்பா. இவனுங்களுக்குத் தானா வர்ற புத்தியில்ல இது. யார் சொல்லித் தர்றா?" டிராயரைத் திறந்து இன்னொரு காகிதத்தை எடுத்து ஃபாரங்கள் பக்கத்தில் வைத்தார். என் மனைவியை அழைத்து வர நான் போட்டிருந்த விசா விண்ணப்பம். கல்யாணமாகி ஒன்றரை வருடம், அதில் அவளோடு இருந்தது இருபத்தாறு நாள். "இதுவும் என் டேபிள்லதான் இருக்கு" என்றார். மிரட்டுகிற குரல் இல்லை. ஞாபகப்படுத்துகிற குரல்.

"ஏடன் பாய் சார்" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முற்றத்தில் இருநூறு பேர் பார்க்க நடந்த விஷயம், நான் சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். நான் நிறுத்தவில்லை. "அவர் அந்த ஊர்ல கட்சியில இருந்தவர் சார். கம்யூனிஸ்ட் கட்சி. செகரட்டரியா இருந்தவர். இதெல்லாம் அவங்களுக்குப் பழக்கம்" என்றேன். யாரும் கேட்காத விஷயம் அது.

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. என் முகத்திலும் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை அவரை ஆபீஸுக்கு அழைத்து வாக்குமூலம் எழுதினோம். மேனேஜருக்கு இந்தி வராது, அரபி நாலு வார்த்தை. நான்தான் மொழிபெயர்ப்பு, டைப் அடிப்பதும் நான்தான். அவர் காக்கிச் சட்டையோடு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், வியாழக்கிழமைக் கூட்டத்தில் நிற்பதுபோல நின்றார்.

"முதல்ல என் தப்பு" என்றார். "மூடி தூக்கிட்டு நிக்கிறதைப் பார்த்தேன். சொல்லிட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன். ஏணியில ஏறி நானே மூடியிருக்கணும். ஏறலை. மூணு பேர் போய்ப் பேசுங்கன்னு சொன்னதும் நான்தான். அவங்களை ஒண்ணும் செய்ய வேண்டாம்." பிறகு, "மீதியை அதுக்கு உரியவங்க சொல்லுவாங்க" என்றார்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. அடுத்தவன் எழுந்து நிற்பதற்கு இடம் விட்டுவிட்டுச் சும்மா இருந்தார்.

மேனேஜர், "என்ன சொல்றான்?" என்றார்.

"தப்பு தன்னுதுன்னு சொல்றார் சார்" என்றேன்.

டைப் அடித்தேன். குடிதண்ணீர் கெட்டுப்போனதற்குத் தானே முழுப் பொறுப்பு என்றும், தொழிலாளர்களை வேலைக்குப் போகவிடாமல் தூண்டியது தான் என்றும் மேனேஜர் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் அடித்தேன். மூடியைப் பற்றி முன்பே ஆபீஸில் சொன்னது அதில் இல்லை. எழுதியதை அவருக்கு இந்தியில் படித்துக் காட்டினேன். காகிதத்தில் இருந்ததை அல்ல, அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன்.

அவர் காகிதத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார். இங்கிலீஷ் தெரியாதவர், எழுத்தின் அழகைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"நீ சேர்க்க வேண்டியது ஏதாவது இருக்கா காத்திப்?"

"கலாஸ் பாய்" என்றேன். முடிந்தது.

கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் அவரை நாடு கடத்த பாஸ்போர்ட் ஆபீஸ் வண்டி வந்தது. பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஹோஸ் பைப்பைச் சுருட்டி வைத்தார். இன்னொரு லாரி டிரைவரான பெஷாவர்காரர் பஷீரிடம் சாவியைக் கொடுத்து, பிரேக் இடது பக்கம் இழுக்கிறது, ரிப்பேருக்குச் சொல்லாமல் விட்டது என் தப்பு என்றாராம். பஷீர் சொல்லித்தான் தெரியும். நான் ஆபீஸ் ஜன்னலுக்கு உள்ளே இருந்தேன். ஜெத்தாவில் இரண்டு வாரம் வைத்திருந்து ஏமனுக்கு அனுப்பினார்கள். இனி எந்த வேலைக்கும் அந்த நாட்டுக்குள் வர முடியாதபடி கைரேகை எடுத்து அனுப்பினார்கள். முருகேசனையும் மற்ற இருவரையும் யாரும் ஒன்றும் செய்யவில்லை.

பஷீர் ஒருநாள் டீசல் சீட்டு வாங்க வந்தபோது, "இப்ப எனக்குப் பேப்பர் படிச்சுச் சொல்ல ஆள் இல்லை" என்றார்.

"என்ன பேப்பர்?"

"இங்கிலீஷ் பேப்பர். பிளான்ட்ல லைன்ல நிக்கும்போது வரி வரியாப் படிச்சுச் சொல்லுவார். வெள்ளைக்காரன் காலத்துப் பள்ளிக்கூடம் இல்லையா? ரிஃபைனரியில லாக் புக் எல்லாம் இங்கிலீஷ்ல எழுதினவர்தானே."

சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் படித்திருக்கிறார். நான் வாயால் சொன்னதையும் காகிதத்தில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். அதன் பிறகுதான் என்னிடம் கேட்டிருக்கிறார், சேர்க்க வேண்டியது ஏதாவது இருக்கா என்று. ஏன் கையெழுத்துப் போட்டார் என்று இத்தனை வருடமாக யோசித்திருக்கிறேன். அந்த ஒன்பது பேருக்காகவா, உள்ளே போய்ப் பேசிய மூன்று பேருக்காகவா? தெரியவில்லை. எனக்காக இருந்திருக்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

வாக்குமூலத்தின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி மெஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார் மேனேஜர். நான்தான் எழுதினேன். ஆட்கள் கூடி நின்று படித்தார்கள். "நம்மகூடவே உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இப்படிப் பண்ணிட்டானே மனுஷன்" என்றார்கள். முருகேசன் என்னிடம் வந்து, "நெசமா சார்?" என்றார்.

"அவரே கையெழுத்துப் போட்டிருக்காருல்ல" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். கேம்பில் 'முதல்ல என் தப்பு' என்று விளையாடுவது அன்றோடு நின்றது.

செல்வராசு பதினோரு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். பாதி ஆளாக இருந்தான். போர்டைப் படித்துவிட்டு நேராக ஆபீஸுக்கு வந்தான்.

"பாய் இப்படிப் பண்ற ஆளு இல்ல சார். உப்பு கூடிப்போனதுக்கே அப்படி நின்னவரு. அவருக்கு ஒரு லெட்டர் போடணும். நீங்க இங்கிலீஷ்ல எழுதுங்க, அங்க யாராச்சும் படிச்சுச் சொல்லுவாங்க. அட்ரஸ் உங்க ஃபைல்ல இருக்கும்ல?"

இருந்தது. அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு வார்த்தை விடாமல், கூட்டாமல், இந்தத் தடவை ஒழுங்காக எழுதினேன். பாய், நான் பொழைச்சு வந்துட்டேன். இப்ப கஞ்சி குடிக்கிறேன். தொட்டிக்குப் புது மூடி போட்டுட்டாங்க. நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். போர்டைப் பார்த்துட்டு இங்க சில பேர் ஏதோ பேசினாங்க, மனசுல வெச்சுக்காதீங்க. யார் தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சா எழுதுங்க, நாங்க போய்க் கேக்குறோம். கீழே தமிழில் தன் பெயரை அவனே எழுதினான்.

கவர் ஒட்டி விலாசம் எழுதினேன். தபாலில் சேர்க்கவில்லை.

கேம்புக்கு வருகிற தபாலைப் பிரிப்பவன் நான்தான். பதில் வந்தால் வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. அதில் என் பெயர் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும், அடுத்தவன் தப்பை அவர் எழுத மாட்டார். அப்படி என் பெயரில்லாத ஒரு கடிதத்தை செல்வராசுக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் பயந்தேன். அந்த மாதம் நான் கேட்டிருந்த விசா வந்தது. மனைவி வந்து சேர்ந்தாள். கேம்பை விட்டு இரண்டு அறை வீட்டுக்கு மாறினேன். கடிதத்தையும் எடுத்துப் போனேன், துணிக்கு அடியில் வைத்து.

செல்வராசு சம்பள ஸ்லிப் வாங்க வரும்போதெல்லாம் கேட்பான், பதில் வந்ததா என்று. இல்லை என்பேன். ஒரு வருடம் கேட்டான். ஊருக்கு லீவில் போவதற்கு முந்தின நாள், பெட்டிக்கு ஒட்ட பெயர்ச்சீட்டு அடித்துத் தரச் சொல்லி வந்தான். அடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினான்.

"பாய்க்கு எங்க மேல வருத்தம்போல சார். நாங்க பேசினது காதுக்குப் போயிருக்கும். அதான் எழுதலை."

"இருக்கும்" என்றேன்.